எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் ஃபெயில் ஆவது எங்கே? அரியர் தாளும் களப்பணி மதிப்பெண்ணும்

ஒரே எம்.எஸ்.டபிள்யூ. வகுப்பில், அதாவது சமூகப்பணி முதுநிலை வகுப்பில், இரண்டு மாணவர்கள். ஒருவருக்கு இன்டர்னலில் 25-க்கு 24, பல்கலைக்கழகத் தேர்வில் 75-க்கு 37, மொத்தம் 61. இன்னொருவருக்கு இன்டர்னல் 12, தேர்வில் 38, மொத்தம் 50. முதலாமவர் ஃபெயில், இரண்டாமவர் பாஸ். ஒவ்வொரு செமஸ்டரும் ரிசல்ட் வந்த மறுநாள் ஏதாவது ஒரு சமூகப்பணித் துறையின் வாசலில் இந்தக் கணக்கைக் கேட்டு யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார். "மொத்தத்தில் 61 இருக்கே சார், எப்படி ஃபெயில்?"

பதில் எளியதுதான். தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் முதுநிலைப் படிப்புகளுக்குப் பொதுவாக இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் தனியாக 50 சதவீதம் வேண்டும். இன்டர்னலையும் சேர்த்து மொத்தத்திலும் 50 சதவீதம் வேண்டும். 75-இல் பாதி 37.5 என்பதால் 38 எடுத்தால்தான் முதல் வாசல் திறக்கும். இளநிலையில் 40 எடுத்தால் போதும் என்று மூன்று வருடம் பழகி வந்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் இது சுருக்கென்று படும். இன்டர்னலுக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சம் கிடையாது. ஆனால் அது ஒருமுறை போட்டது போட்டதுதான். இன்டர்னலில் 8 வாங்கி ஒரு தாளில் அரியர் வைத்தவர், அடுத்த முறை 38 எடுத்தாலும் மொத்தம் 46. அவருக்குத் தேர்வில் 42 வேண்டும். இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லாமல், 39 எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, இரண்டாம் முறையும் தோற்றவர்கள் உண்டு.

இந்தக் கட்டுரை இந்த 38-ஐப் பற்றி மட்டும் இல்லை. சமூகப்பணிப் படிப்பில் எழுத்துத் தாளுக்கு இவ்வளவு கறாரான கோடு போட்டிருக்கிறோம். மாணவர் மருத்துவமனை, கிராமம் என்று நேரில் போய் வேலை பழகும் களப்பணிதான் அதே படிப்பின் உயிர். அதற்கு அப்படி ஒரு கோடு நடைமுறையில் இல்லை. மாணவரைத் தடுக்க வேண்டிய இடத்தில் தடுப்பதில்லை, கைகொடுக்க வேண்டிய இடத்தில் கைகொடுப்பதில்லை. வேலூர் வட்டாரத்தில் பயிற்சி மாணவர்களை நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்து வருபவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய கவலை.

முதலில் கிரேடு விஷயத்தை முடித்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2015-இல் பரிந்துரைத்த பத்துப் புள்ளி முறையில் ஓ என்றால் 10 புள்ளி, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, ஆங்கில P எழுத்தால் குறிக்கும் வெறும் பாஸ் 4. எஃப் என்றால் பூஜ்யம், தேர்வுக்கே வராதவருக்கும் பூஜ்யம். எந்த மதிப்பெண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் வகுத்துக்கொள்கிறது. முதுநிலையில் 50-க்குக் கீழே பாஸே இல்லை என்றால் அந்த 4 புள்ளிக்கு வேலையே இல்லை. ஆக, மாநிலம் தாண்டி மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு மாணவர்களின் கிரேடை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஒருவரின் பாஸ் 40-இல் தொடங்கியிருக்கும், இன்னொருவருடையது 50-இல். அப்புறம், வெறும் பாஸ் எல்லாக் கதவையும் திறக்காது. கல்லூரி ஆசிரியர் ஆக நெட் என்ற தகுதித் தேர்வு எழுத முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. முதல் முயற்சியிலேயே தேறினால்தான் டிஸ்டிங்ஷனும் ரேங்க்கும் என்ற விதியும் பரவலாக உண்டு.

சரி, அரியருக்கு வருவோம்.

எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டம் படித்தவரும் வரலாம். பி.ஏ. தமிழ், வரலாறு, பி.காம்., பி.பி.ஏ., பி.எஸ்சி. தாவரவியல் என்று பல திசையிலிருந்து வருவார்கள். வேலூர், காட்பாடி, குடியாத்தம், திருப்பத்தூர், வாணியம்பாடி, செய்யாறு பக்கத்து ஊர்களிலிருந்து வருபவர்களில் பலருக்கு வீட்டில் முதல் பட்டதாரி அவர்களே. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர் கையில் ஆங்கிலப் பாடநூல். அவருக்கு அரியர் விழும் தாளை ஊகிப்பது கடினமில்லை. ஆராய்ச்சி முறையியலும் புள்ளியியலும் சேர்ந்த தாள்தான் முதலில் வரும். மனித வளர்ச்சியும் உளவியலும் சில பேரைப் பிடிக்கும். தனிநபர் சமூகப்பணி, அதாவது எல்லோரும் கேஸ் ஒர்க் என்று சொல்லும் தாள், படிக்க எளிதாகத் தெரியும், எழுதினால்தான் தெரியும்.

அரியர் வந்தால் என்ன நடக்கிறது? மாணவர் அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுகிறார். தேர்வு அறிவிப்பு வந்ததும் கட்டணம் கட்டி, ஹால் டிக்கெட் வாங்கி, அந்தத் தாளை மறுபடி எழுதுகிறார். முடிவில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. வருகைப்பதிவு குறைந்தால் கதை வேறு. பொதுவான நடைமுறையில் 75 சதவீதம் வேண்டும். 65-க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே 50 வரை என்றால் அந்த முறை எழுத முடியாது, அடுத்த முறைதான். 50-க்கும் குறைந்தால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். வகுப்புக்கு வராதவரைத் திரும்ப வகுப்பில் உட்கார வைக்கிறது விதி. வகுப்புக்கு ஒழுங்காக வந்தும் பாடம் புரியாமல் தோற்றவரைத் தேர்வு மண்டபத்துக்கு மட்டும் திரும்ப அனுப்புகிறது. அவருக்கு மறுபடி யாரும் பாடம் நடத்துவதில்லை. புள்ளியியலில் 19 எடுத்த மாணவி அடுத்த ஆறு மாதத்தில் தானாக எதைக் கற்றுக்கொண்டு 38 எடுப்பார்? பழைய வினாத்தாளை வைத்து, தேர்வில் அடிக்கடி வரும் இரண்டு கணக்கை மனப்பாடம் செய்து எடுப்பார். எடுத்தும் விடுவார். அந்தத் தேர்ச்சி அவருடைய கெட்டிக்காரத்தனத்துக்குச் சான்று. கை-வர்க்கச் சோதனை (chi-square) என்ற புள்ளியியல் கணக்கு எதற்கு என்று அவருக்குத் தெரியும் என்பதற்குச் சான்று இல்லை.

கால வரம்பு ஒன்றும் இருக்கிறது. படிப்புக் காலத்தோடு மேலும் 2 ஆண்டு, தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 1 ஆண்டு என்று யுஜிசி 2015-இல் வழிகாட்டுதல் தந்தது. ஆனாலும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அறிவிக்கின்றன. 2020 ஆகஸ்டில் கொரோனா சமயத்தில் இறுதி செமஸ்டர் தாள்கள் நீங்கலாக, அரியர் கட்டணம் கட்டியவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்ததும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇ அதை ஏற்காததும், வழக்கு உயர் நீதிமன்றம் போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் மாணவர்களைப் பரிகாசம் செய்து ஆயிரம் மீம்ஸ் வந்தன. அரியர் வைத்தவர் என்றால் சோம்பேறி என்ற எண்ணம் அப்போது வெளிப்படையாகத் தெரிந்தது. முதல் தலைமுறையில் படித்து, சனி ஞாயிறு ஆம்பூர் கடையிலோ கேட்டரிங்கிலோ வேலை செய்து கட்டணம் கட்டுகிற பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு அநியாயம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அரியரில் எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. முதல் செமஸ்டரில் கேஸ் ஒர்க் தாளில் ஃபெயிலான மாணவர் மூன்றாம் செமஸ்டரில் மருத்துவ மனநல சமூகப்பணிப் பிரிவை எடுத்து, மருத்துவமனை வார்டுக்குப் பயிற்சிக்குப் போய்விடுவார். அரியர் அப்படியே இருக்கும். ஒருவரிடம் எப்படிப் பேச வேண்டும், எதைக் கேட்க வேண்டும், கேட்டதை எப்படிக் காக்க வேண்டும் என்ற பாடத்தில் தேறாதவர், நோயாளியின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்காருவார். எந்தத் தாள் தேறினால்தான் எந்தக் களப்பணிக்குப் போகலாம் என்ற வரிசை பெரும்பாலான இடங்களில் இல்லை. எல்லா அரியரும் ஒன்றுபோலக் கணக்கில் வைக்கப்படுகிறது.

களப்பணியில் நடப்பது

சமூகப்பணிக் கல்வியில் களப்பணி ஓர் இணைப்பு இல்லை. 1936-இல் மும்பையில் டாடா அறக்கட்டளை தொடங்கிய பள்ளியிலிருந்து, 1952-இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வழியாக, இன்று திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி வரை எல்லோரும் வாரத்தில் 2 நாள் மாணவரை வெளியே அனுப்புவதையே படிப்பின் நடு அச்சாக வைத்திருக்கிறார்கள். முதலில் பார்வையிடல், அடுத்து கிராம முகாம், பிறகு தொடர் களப்பணி, கடைசியில் ஒரு மாதம் முழுநேரப் பயிற்சி.

இதற்கு வேலூரைப் போல வாய்த்த ஊர் குறைவு. பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை நாட்டில் முன்னோடியாகக் கொண்டுவந்த இடங்களில் ஒன்று. கே.வி.குப்பத்தில் 1977 முதல் ரூசா என்ற கிராம நல, சமூகப் பிரிவு இயங்குகிறது. கரிகிரியில் தொழுநோய்க்கென்று 1955-இல் தொடங்கிய மருத்துவ நிறுவனம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மத்திய சிறை. குடியாத்தத்தில் பீடியும் கைத்தறியும். ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோலும் ஷூவும். ஜவ்வாது மலையில் பழங்குடிக் கிராமங்கள். பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டானது, 2019-இல் வேலூர் மறுபடி மூன்றானது. ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் சமூகநல அலுவலகமும் வந்ததில் பயிற்சிக்கான இடங்களும் கூடின.

இவ்வளவு வளம் உள்ள இடத்தில் மாணவர் என்ன கற்றார் என்பதை எப்படி அளக்கிறோம்? வருகைத் தாள், களப்பணிப் பதிவேடு, ஆசிரியருடன் வாரச் சந்திப்பு, நிறுவனத்தில் மேற்பார்வை செய்தவரின் மதிப்பீட்டுப் படிவம், கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ரிசல்ட்டைப் பார்த்தால் வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் 75-க்கு மேல். புள்ளியியலில் அரியர் உள்ளவருக்கும் 82, ஊரே பாராட்டும்படி வேலை செய்தவருக்கும் 85. களப்பணியில் ஃபெயில் என்று கேள்விப்படுவதே அபூர்வம். கேள்விப்பட்டாலும் அது வருகைக் குறைவுக்காகத்தான் இருக்கும், வேலையின் தரத்துக்காக இருக்காது.

ஒரு பதிவேட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். வழக்கமாகப் பதிவேட்டில் நான்கு பத்தி இருக்கும்: பேசியது, மாணவரின் உணர்வு, ஆய்வு, மேற்பார்வையாளர் குறிப்பு. காசநோய்ப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் ஒரு மாணவி, பீடி சுற்றும் ஒரு பெண்ணிடம் பேசியதாக வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் இப்படி இருக்கும்:

"மாத்திரைய விடாம சாப்பிடுங்கக்கா."

"சாப்பிட்டா வாந்தி வருதும்மா. அன்னிக்குப் பூரா பீடி சுத்த முடியல. கூலி போச்சுன்னா இன்னா பண்றது?"

"இல்லக்கா, ஆறு மாசம் கண்டிப்பா சாப்பிடணும்."

"சரிம்மா."

உணர்வுப் பத்தியில் "மகிழ்ச்சியாக இருந்தது" என்று எழுதியிருப்பார். ஆய்வுப் பத்தியில் "நோயாளிக்கு விழிப்புணர்வு இல்லை, ஆலோசனை வழங்கப்பட்டது." மேற்பார்வையாளர் பத்தியில் ஒரு டிக், ஒரு கையெழுத்து.

இந்தப் பதிவை முதல் வாரத்தில் எழுதியிருந்தால் குறையே இல்லை. எல்லோரும் அறிவுரையில்தான் தொடங்குவார்கள். இங்கே மேற்பார்வையாளர் செய்ய வேண்டியது டிக் போடுவது இல்லை. அந்த அக்காள் மூன்று தகவல் கொடுத்திருக்கிறார்: வாந்தி, வேலை, கூலி. வாந்தியை டாக்டரிடமோ செவிலியரிடமோ சொன்னாயா? மாத்திரையை எந்த நேரத்தில் எடுத்துக்கொள்கிறார், சாப்பிட்ட பிறகா முன்பா என்று கேட்டாயா? காசநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்காக மாதாமாதம் அரசு பணம் போடுகிறது, 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. அது அவர் வங்கிக் கணக்கில் விழுகிறதா என்று பார்த்தாயா? "சரிம்மா" என்று அவர் சொன்னது சம்மதமா, பேச்சை முடித்துக்கொள்ளும் வழியா? இந்தக் கேள்விகளைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தால், நான்காம் வாரத்தில் அதே மாணவி செவிலியரிடம் பேசியிருப்பார், பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பார். அவருக்கு 80 கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள்.

எட்டாம் வாரத்திலும் "விழிப்புணர்வு இல்லை, ஆலோசனை வழங்கப்பட்டது" என்றே இருந்தால்? கேள்விகள் எழுதப்பட்டும், சந்திப்பில் பேசப்பட்டும், ஒன்றுமே மாறவில்லை என்றால் அது 50-க்குக் கீழேதான். களப்பணியில் தேர்ச்சியை நான் இந்த ஒரே அளவுகோலில்தான் பார்ப்பேன்: சொல்லிக்கொடுத்த பிறகு மாணவரின் வேலையில் என்ன மாறியது. தொடக்கத்தில் எங்கே நின்றார், ஆங்கிலம் எப்படி, பேச்சு எப்படி என்பதெல்லாம் பிறகு.

அந்த 50-க்குக் கீழான மதிப்பெண்ணை ஏன் யாரும் போடுவதில்லை? மேற்பார்வையாளர்களிடம் மனம்விட்டுப் பேசினால் காரணங்கள் வரிசையாக வரும். ஃபெயில் போட்டால் ஒரு வருடம் போய்விடும், பாவம். கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் உறவு கெடும். எழுத்தில் முன்பே எச்சரிக்கவில்லை, இப்போது கேட்டால் என்ன காட்டுவது? படிவமே கடைசி வாரத்தில்தான் கைக்கு வந்தது. நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஆசிரியர் கவனித்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார். ஆசிரியர் நிறுவனம் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி என்ற செவிலியர் கல்வியாளர் 2003-இல் இதை ஆராய்ந்தார். செவிலியர் மாணவர்களின் திறமையில் சந்தேகம் இருந்தும் மேற்பார்வையாளர்கள் ஏன் தேர்ச்சி தருகிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. பிரச்சினையைத் தாமதமாக எடுப்பது, மாணவரின் வாழ்க்கை கெடுமே என்ற வேதனை, ஃபெயில் போடத் தன்னம்பிக்கை இல்லாமை என்று அவர் கண்டவையும் நம்மிடம் வரும் காரணங்களும் ஒன்றேதான். வேலூர் செவிலியர் கல்விக்குப் பேர்போன ஊர். இங்கே எந்த நர்சிங் மாணவியைக் கேட்டாலும் சொல்வார்: தியரி தனி, பிராக்டிகல் தனி, ஒவ்வொன்றிலும் தனியாகத் தேற வேண்டும். அதற்குப் பின்னால் இந்திய நர்சிங் கவுன்சில் நிற்கிறது. சமூகப்பணிக்கு அப்படித் தனிக் கவுன்சில் நம் நாட்டில் இல்லை. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். அந்த ஒரு கிளையைத் தாண்டி, ஊரக மேம்பாடு, குழந்தைகள் நலம், மனிதவளம் என்று மற்ற பிரிவு மாணவர்களுக்கு எது குறைந்தபட்சத் திறன் என்று சொல்ல ஆள் இல்லை. துறைத் தலைவரின் நல்ல மனசே விதி.

வெளிநாடுகளில்

அமெரிக்காவில் 1952-இல் தொடங்கிய சமூகப்பணிக் கல்விக் கவுன்சில் அங்கீகாரம் தருகிறது. அதன் 2022 தரவிதிகளின்படி எம்.எஸ்.டபிள்யூ.வுக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். மாணவரின் படிப்பையும் தொழில்முறை நடத்தையையும் எப்படி மதிப்பிடுவோம், எந்தக் காரணத்துக்காகப் படிப்பிலிருந்து நிறுத்துவோம், மாணவர் எப்படி முறையிடலாம் என்பதை ஒவ்வொரு துறையும் எழுதிவைத்து மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே பல துறைகளில் மொத்த சராசரி 4-க்கு 3 புள்ளிக்குக் கீழே போனால் நிபந்தனைக்காலம் என்று வைத்துக் கண்காணிப்பார்கள். ஒரு பாடத்தில் தோற்றால் தேர்வை மட்டும் எழுதித் தப்ப முடியாது. கட்டணம் கட்டி வகுப்பையே மறுபடி படிக்க வேண்டும். முதலாண்டுக் களப்பணியில் தேறாமல் இரண்டாம் ஆண்டுக் களப்பணிக்குப் போக முடியாது. இங்கிலாந்தில் மாணவர் 200 நாள் நடைமுறைப் பயிற்சியில் கழிக்கிறார்; அதில் 30 நாள் வரை திறன் பயிற்சியாக இருக்கலாம். பட்டம் வாங்கிய பிறகும் சோஷியல் ஒர்க் இங்கிலாந்து என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்யாமல் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது.

இவற்றை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. கட்டணம் கட்டி வகுப்பை மறுபடி படி என்றால் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி படிப்பையே விட்டுவிடுவார். ஆனால் எழுதிவைப்பது, முன்கூட்டியே சொல்வது, முறையிட வழி தருவது ஆகிய மூன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை.

எழுதிவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இதில் நான் மிக உறுதியாக இருக்கிறேன். களப்பணி மதிப்பெண் எல்லோரையும் பாஸ் போடும் கருணையாக மட்டும் இருப்பதில்லை. சில சமயம் அதே தெளிவின்மை ஒருவரை அடிக்கும் கோலாகவும் ஆகிறது. நிறுவனத்தில் நடக்கும் தவறைக் கேட்ட மாணவருக்கு "அனுசரித்துப் போகும் தன்மை இல்லை" என்று 55. மலைக்கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒன்பதரைக்கு வரும் பையனுக்கு "நேரந்தவறாமை குறைவு" என்று ஒரு வெட்டு. தொழில்முறைத் தகுதி என்ற சொல்லுக்குள் சாதியும் நிறமும் பேச்சு வழக்கும் எளிதாக நுழைந்துவிடும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முதல் வாரமே மாணவர் கையில் இருந்தால், குறைத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பதிவேட்டில் சான்று கேட்கலாம். 50-க்குக் கீழே போடும்போது இன்னோர் ஆசிரியர் பதிவேட்டைப் படித்தாக வேண்டும் என்று வைத்தால் தனிப்பட்ட விரோதத்துக்கு இடம் குறையும்.

ஃபெயில் போட்ட பிறகு என்ன என்பதும் விதியில் இருக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் அது இல்லாததால்தான் யாரும் போடத் துணிவதில்லை. களப்பணியைத் தேர்வுபோல நவம்பரில் ஒரு நாள் உட்கார்ந்து எழுதித் தீர்க்க முடியாது. மாணவர் மீண்டும் ஓரிடத்துக்குப் போக வேண்டும், வேறு மேற்பார்வையாளர் வேண்டும், வேறு நிறுவனம் வேண்டும். கோடை விடுமுறையில் நாலைந்து வாரம் தொடர் பயிற்சியாக வைத்தால் வருடம் வீணாகாது. முகாமுக்கும் முழுநேரப் பயிற்சிக்கும் இடம் தேடும் துறைக்கு, ஒன்றிரண்டு பேருக்கு மே மாதத்தில் இடம் தேடுவது முடியாத காரியம் இல்லை. இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்தால் 48 போட வேண்டிய இடத்தில் 48 போட மேற்பார்வையாளருக்குக் கை வரும்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு, முக்கியமாக மனிதவளப் பிரிவு மாணவர்கள். அவர்களுக்கு ஆம்பூரையே காட்டலாம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவுப்படி 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்பது பல்லாண்டு நடைமுறையாக இருந்தது. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். ஷூ ஆலைகளில் தையல் வரிசையில் பெரும்பாலும் பெண்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013 சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். அங்கே ஒரு பெண் பாதி சொல்லிப் பாதி விழுங்கும்போது, எதைக் கேட்க வேண்டும், எதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறாரா என்பது அந்தப் பெண்ணின் வேலையையும் மானத்தையும் தீர்மானிக்கும். அந்த அலுவலருடைய மார்க் ஷீட்டில் களப்பணி 82 என்று இருக்கும். அந்த 82-ஐ நம்பித்தான் ஆலை அவரை எடுத்தது.

மாணவர்களுக்கு நடைமுறையாகச் சில. சேர்ந்த ஆண்டின் விதிமுறைதான் பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்தும். சீனியர் சொல்வது அவருடைய ஆண்டுக்கு உரியதாக இருக்கலாம், பாடத்திட்டம் மாறியிருக்கும். அதனால் அந்த விதிமுறைப் புத்தகத்தைத் துறையில் கேட்டோ பல்கலைக்கழக இணையதளத்தில் இறக்கியோ வைத்துக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால், இந்த வட்டாரக் கல்லூரிகள் இணைந்திருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் விதியை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள், கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் வெளியிட்டதைப் பாருங்கள். அரியர் விழுந்தால் முதல் வேலையாக இன்டர்னல் மதிப்பெண்ணை எடுத்து, மொத்தம் 50 வரத் தேர்வில் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுங்கள். மறுமதிப்பீட்டுக்கான நாட்கள் மிகக் குறைவு, ரிசல்ட் வந்த அன்றே தேதியைப் பாருங்கள். களப்பணியில் செமஸ்டரின் பாதியில், ஏழாவது எட்டாவது வாரத்தில், இதுவரை என் வேலை எப்படி என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு, இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அவர் வாயால் சொல்லிவிட்டுப் போனால், அவர் சொன்னதை நீங்களே அன்றைய பதிவில் எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள்.